மாமன் சீர்

1986 கோடை. பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா கிடக்க வேண்டாமென்று, நொய்யல் கரையில் ஒரு சாயப்பட்டறையில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பெரிய வேலையில்லை. வின்ச்சில் சாயமேறிக் காய்ந்து வருகிற பனியன் துணியை லாட் வாரியாகப் பிரித்து, அதற்குரிய கழுத்து ரிப்பையும் சேர்த்துக் கட்டி, சீட்டு எழுதிச் செருக வேண்டும். நான்காம் நாள் காப்பிப்பொடி நிறத் துணியோடு பாசிப்பச்சை ரிப்பைக் கட்டி அனுப்பிவிட்டேன். கட்டிங் மேசையில் பிரித்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள்.

பட்டறையின் சாய மாஸ்டர் சத்தம் போடவில்லை. வெயிலுக்கு அழைத்துப் போனார். அப்போதெல்லாம் ஷேடு பார்ப்பது வெயிலில்தான். தொட்டியிலிருந்து வெட்டிய துண்டைப் பிழிந்து, இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக் காயவைத்து, பையர் கொடுத்த துண்டுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். அவர் இரண்டையும் என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

“தம்பி, இது அதுக்குச் செவப்பு அடிக்குதுங்களா, பச்சை அடிக்குதுங்களா?”

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. குத்துமதிப்பாகச் சிவப்பு என்றேன். துண்டுகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மாற்றியோ மாற்றாமலோ மறுபடி நீட்டினார். பச்சை என்றேன். மூன்றாம் முறை அவர் நீட்டவில்லை.

“வூட்டுல வேற யாருக்காச்சும் இப்படி இருக்குதுங்களா?”

கண் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். நானோ ஒரு மாதத்துக்கு முன்னால்தான் நிறக்குருடு எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்று கட்டம் போட்டு, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் பாதி கறுப்படித்து எழுதிவிட்டு வந்திருந்தேன். அந்தப் பாடம் நடத்திய ஆசிரியர் இஷிஹரா படத்தைக் கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் புள்ளி புள்ளியாக வைத்தார். “இதுல 12 தெரியலைன்னா அவன் நிறக்குருடன்.” வெள்ளைப் புள்ளிகளுக்குள் வெள்ளைப் புள்ளிகள். வகுப்பே சிரித்தது. ஒருவனுக்கும் 12 தெரியவில்லை. (இஷிஹரா அட்டைகளில் 12 இருப்பது முதல் அட்டை; எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றே வைத்தது. அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.)

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, “உன்ற மாமனுக்கும் அப்படித்தான் சாமி” என்றாள். மாமன் அவளுக்குத் தம்பி. தோட்டத்தில் மிளகாய்ப் பழம் பறிக்கிற நாளில் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவானாம். செடியில் எது பழம், எது காய் என்று பார்த்தால் தெரியாது. தொட்டு, நசுக்கிப் பார்த்துத்தான் பறிப்பான். மற்றவர்கள் இரண்டு கூடை நிரப்பினால் அவன் அரைக்கூடை. வேலைக்குத் தட்டிக்கழிக்கிறான் என்று அய்யன் சாட்டைவாரால் அடிப்பாராம். அக்காதான் ஒருநாள் கண்டுபிடித்து, அவன் நிரைக்கும் சேர்த்துத் தானே பறித்துக் கொடுத்திருக்கிறாள். அதை வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவன் அடி வாங்கியது ஒரு எக்ஸ் குரோமோசோமுக்காக.

ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது அம்மாவிடமிருந்து மட்டும் வரும். அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். எங்கள் பக்கம் கூட்டம் பார்த்துக் கல்யாணம் செய்கிறார்கள், ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுப்பதில்லை. கூட்டம் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. கூட்டம் போகிற தடமும் ஒய் போகிற தடமும் ஒன்றே. எக்ஸ் அந்தத் தடத்தில் ஒரு தலைமுறைகூட நேராக நடக்காது. ஆண் ஒருவன் தன் கூட்டப் பெருமையை எவ்வளவு பேசினாலும், அவன் உடம்பிலிருக்கிற எக்ஸ் மாமன் வீட்டுச் சரக்கு. அவனிடம் ஒரு ஆயுள் தங்கிவிட்டு, மகள் வழியாக இன்னொரு கூட்டத்துக்குப் போய்விடும். எங்கள் ஊரில் குழந்தையை மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். வெள்ளித்தட்டும் வேட்டி சட்டையும் வரிசையாக வரும். அதற்கெல்லாம் முன்பே ஒரு சீர் வந்து சேர்ந்துவிடுகிறது. அதை எந்த மொய் நோட்டிலும் எழுதுவதில்லை.

இந்த வழியை 1876இல் சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் ஹார்னர் எழுதிவைத்தார். நிறக்குருடான தாத்தா, தெளிவாகப் பார்க்கிற மகள், நிறக்குருடான பேரன். 1911இல் எட்மண்ட் வில்சன் இதை எக்ஸ் குரோமோசோமோடு சேர்த்துவைத்தார். மனிதரின் ஒரு பண்புக்கு இன்ன குரோமோசோம் என்று முதன்முதலாக முகவரி கிடைத்தது நிறக்குருடுக்குத்தான்.

அந்தக் கோடைக்குப் பிறகு சாயப்பட்டறைப் பக்கம் போகவில்லை. விலங்கியல் படித்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக டியூஷனில் பிள்ளைகளுக்கு செல் பகுப்பும் மரபியலும் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா அப்பா இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் இருக்கிற பிள்ளைகள். வீட்டில் பிசிறு வெட்டிக்கொண்டே புரோபேஸ், மெட்டாபேஸ் ஒப்பிக்கிறவர்கள். அவர்களிடம் நான் சொல்லத் தவறாத விஷயம் ஒன்று உண்டு, பரீட்சைக்கு உதவாது. உயிரியல் தன் சொற்களில் பாதியைத் தறியடியிலும் சாயத்தொட்டியிலும்தான் பொறுக்கியிருக்கிறது.

1870களின் கடைசியில் வால்ட்டர் ஃப்ளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல் கண்ணாடி மாதிரி. சாயமேற்றாவிட்டால் உள்ளே நடப்பது தெளிவாகத் தெரியாது. 1856இல் பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் கரியெண்ணெயிலிருந்து ஊதாச் சாயம் எடுத்ததிலிருந்து, செயற்கைச் சாயங்கள் துணிக்காகக் குவிந்துகொண்டிருந்தன. துணிக்கு வந்த அனிலின் சாயத்தை எடுத்து ஃப்ளெமிங் செல்லுக்கு ஊட்டினார். உட்கருவுக்குள் ஏதோ ஒன்று சாயத்தை இழுத்துப் பிடித்தது. சாயம் பிடிக்கிற பொருள் என்பதால் குரோமாட்டின். அது நூல் நூலாகப் பிரிந்து, நடுவில் வரிசையில் நின்று, இரண்டாக விலகியது. கிரேக்கத்தில் நூலுக்கு மைட்டோஸ், அதனால் மைட்டாசிஸ். 1888இல் வால்டேயர் அந்த நூல்களுக்கு வைத்த பெயர் குரோமோசோம். சாய உடல் என்று பொருள். திசு என்று நாம் எழுதுகிற சொல் பிரெஞ்சுக்காரர்களின் நெய்த துணி. குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கிற இழைகளைத் தாங்குவது கதிர். நூல் மில்லில் எத்தனை கதிர் ஓடுகிறது என்று கேட்கிறோமே, அதே கதிர்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இந்த உறவை அறுக்காமல் வைத்திருக்கின்றன. அங்கே திசு இழையம், மைட்டாசிஸ் இழையுருப்பிரிவு, குரோமோசோம் நிறமூர்த்தம். நூலும் சாயமும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. நம் பக்கத்துப் பழைய பாடநூல் மறைமுகப் பகுப்பு என்றது. எது எதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்டிருக்குமா தெரியவில்லை. எனக்கு நிறமூர்த்தத்தைப் பிடிக்கும். அந்த மூர்த்தத்தின் சன்னிதியில் எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது என்பது வேறு விஷயம்.

எங்கள் திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில், கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், 1930களில் ஜானகி அம்மாள் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். கரும்போடு அதற்கு உறவுமுறையான புற்களைக் கலந்து, சோளத்தோடும் கலந்து, பிறந்த செடியில் எத்தனை என்று பார்த்தவர். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். அவர் பெயர் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் ஒருவருக்கும் தெரிந்திருப்பதில்லை. மெண்டலின் பட்டாணி எல்லோருக்கும் மனப்பாடம். நாம் போட்டிருக்கிற பனியனே பாடமாக இருக்க, பட்டாணிக்குப் போவானேன் என்றும் தோன்றும். இந்த மண்ணின் கருங்கண்ணிப் பருத்திக்குக் குரோமோசோம் 26. மில்லுக்கு இன்று பெரும்பாலும் வருகிற அமெரிக்க வகைப் பருத்திக்கு 52. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் பழைய உலகப் பருத்தி வகை ஒன்றும் புதிய உலகத்துக் காட்டுப் பருத்தி ஒன்றும் கலந்து, பகுப்பில் பாதியாக வேண்டியது பாதியாகாமல் நின்றதில் வந்த இரட்டிப்பு அது. பகுப்பின் தவறு என்று பாடநூல் சொல்லும். அந்தத் தவறில்தான் இந்த ஊர் சோறு சாப்பிடுகிறது.

என் குறைக்கு மூத்த பங்காளி ஒருவர் இருக்கிறார். ஜான் டால்டன். அணுக் கொள்கைக்காக வேதியியல் புத்தகத்தில் இருப்பவர். பாதி ஐரோப்பாவில் நிறக்குருடுக்கு டால்டனிசம் என்றே பெயர். 1766இல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர், அப்பா நெசவாளர். டால்டன் அம்மாவுக்குக் காலுறை வாங்கிக் கொடுத்த கதை ஒன்று உண்டு. அடக்கமான சாம்பல் நிறம் என்று நினைத்து வாங்கிப் போனாராம். குவேக்கர் சபைப் பெண்மணியான அம்மாவோ, இந்தச் செக்கச்சிவப்பைப் போட்டுக்கொண்டு நான் எப்படிச் சபைக்குப் போவேன் என்றாராம். டால்டன் தம் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்க, அவரும் சாம்பல்தான் என்றாராம். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குறை. கதை எவ்வளவு நிஜமோ, அந்த அண்ணனின் கண் நிஜம், டால்டனே எழுதியிருக்கிறார். நிறக்குருடுக்குப் பெயர் தந்த வழக்கு ஒரு நெசவாளி வீட்டில், பின்னலாடை ஒன்றை வைத்து நடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஊர்ப்பற்று மாதிரி ஒரு சந்தோஷம்.

எங்கள் ஊர் மாஸ்டருக்குப் பிடிக்கக்கூடிய சம்பவம் வேறு. 1792இல் டால்டன் ஒரு ஜெரேனியப் பூவைப் பகலில் பார்த்தார், வானநீலம். இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தார், சிவப்பு. நண்பர்களைக் கூட்டிக் காட்டினார். அவர்களுக்குப் பூ அப்படி ஒன்றும் மாறவில்லை. அண்ணனுக்கு மட்டும் மாறியது. கடை விளக்கில் பொருந்துகிற துணி வெயிலில் பொருந்தாமல் போகிறதே, அந்தத் தலைவலியை டையிங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். டால்டன் அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு தன் கண்ணுக்குள் போனார். 1794இல், மான்செஸ்டரில் தம் கட்டுரையை வாசித்தார். பருத்தி நகரம் மான்செஸ்டர். கண்ணுக்குள் இருக்கிற திரவம் தமக்கு நீலச்சாயம் கலந்திருக்க வேண்டும், அது சிவப்பை விழுங்கிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. செத்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிவைத்தார். 1844இல் இறந்ததும் அவருடைய மருத்துவர் ரான்சம் அறுத்துப் பார்த்தார். திரவம் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. ஐம்பது வருடக் கொள்கை ஒரு காலையில் முடிந்தது. ஆனால் கண்ணை எறியவில்லை, பத்திரப்படுத்தினார்கள். 1995இல் அதிலிருந்து துளி எடுத்து டிஎன்ஏ பார்த்தபோது, பச்சை உணர்கிற நிறமிக்கான ஜீன் அவரிடம் இல்லை என்று தெரிந்தது.

இல்லை என்றால் எங்கே போயிற்று? பாடநூல் கட்டம் போட்டுக் காட்டுவதெல்லாம் இருக்கிற குறை எப்படி இறங்கும் என்பதை. முதலில் எப்படி வந்தது என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. அதற்கு, முட்டையும் விந்தும் உருவாகிற குன்றல் பகுப்புக்குள் போக வேண்டும்.

சிவப்பு உணரும் நிறமிக்கான ஜீனும் பச்சை உணரும் நிறமிக்கான ஜீனும் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 1986இல் ஜெரமி நேதன்ஸும் கூட்டாளிகளும் அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். நான் ரிப்பை மாற்றிக் கட்டிய அதே வருடம். இரண்டு நிறமிகளும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஒன்றே. ஆபத்து அந்த ஒற்றுமையில்தான். கட்டிங்கில் கோடுபோட்ட துணியை லே போடுகிறவர்களுக்கு இது ஒரு நொடியில் புரியும். அடுக்குக்கு மேல் அடுக்கு, கோட்டுக்கு மேல் கோடு வரும்படி விரிக்க வேண்டும். கோடுகள் வேறுவேறு அகலம், வேறுவேறு நிறம் என்றால் ஒரு அடுக்கு நகர்ந்தாலும் கண் சொல்லிவிடும். எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருந்தால்? ஒரு கோடு தள்ளி விரித்திருந்தாலும் பொருந்தின மாதிரியேதான் தெரியும். கத்தி இறங்கிய பிறகு ஒரு பீஸில் ஒரு கோடு கூடுதல், இன்னொரு பீஸில் ஒரு கோடு குறைச்சல்.

அம்மாவின் உடம்பில் முட்டை உருவாகும்போது அவளுடைய இரண்டு எக்ஸும் இப்படித்தான் ஒன்றின் மேல் ஒன்று படிந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. சிவப்பு ஜீனும் பச்சை ஜீனும் ஒரே மாதிரிக் கோடுகள். ஒன்று தள்ளிப் படிந்தால் ஒரு குரோமோசோமுக்குக் கூடுதல் பச்சை, மற்றதற்குப் பச்சையே இல்லை. சிலவேளை வெட்டு ஜீனின் நடுவில் விழும். அப்போது பாதிச் சிவப்பும் பாதிப் பச்சையுமாக ஒட்டுப்போட்ட ஜீன் ஒன்று கிடைக்கும். கூடுதல் கிடைத்தவனுக்குப் பார்வையில் குறை வராது. பச்சை ஜீன் ஒன்றுக்கு மேல் வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்களுக்கே தெரியாமல். குறைந்தவன் என் மாமன் மாதிரி அடி வாங்குவான்.

பெண்ணின் முட்டைச் செல்களில் இந்தக் கைமாற்று நடப்பது அவள் பிறப்பதற்கு முன்பே. கருவில் இருக்கும்போதே துண்டு மாற்றி முடித்துவிட்டு, பகுப்பு பாதியில் நின்று, பல வருடம் காத்திருக்கும். நானாக ஆன முட்டையின் லே விரிக்கப்பட்டது என் பாட்டியின் வயிற்றுக்குள். அந்தக் கோடு நழுவியது அப்போதுதானா, அதற்கும் எத்தனையோ பாட்டிகளுக்கு முன்பா என்று கேட்டால், மாமனுக்கும் இருப்பதால் குறைந்தது ஒரு தலைமுறை முன்பே என்று மட்டும் சொல்லலாம்.

இன்னும் பின்னால் போனால் கதை திரும்பிக்கொள்கிறது. ஆதியில் அந்த இடத்தில் ஒரே ஒரு ஜீன்தான். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இன்றும் அவ்வளவே. நாயும் மாடும் ஏறத்தாழ என்னைப் போலத்தான் பார்க்கின்றன. மூன்று கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பழைய உலகக் குரங்குகளின் மூதாதை ஒன்றில் பகுப்பு தவறி, ஒன்று இரண்டானது. பிறகு இரண்டும் மெல்ல விலகி, ஒன்று சிவப்பின் பக்கமும் மற்றது பச்சையின் பக்கமும் சாய்ந்தன. இலைக்குள் பழத்தைக் கண்டுபிடிக்கிற கண் அப்படி வந்தது. மிளகாய்ச் செடியில் என் அம்மா பழம் பறித்ததும் மாமனால் பறிக்க முடியாமல் போனதும் ஒரே வகை நழுவல். ஒருமுறை நழுவியபோது கொடுத்தது, மறுமுறை நழுவியபோது எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பாடநூலின் மரபுக் குறைபாடுகள் அட்டவணையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒரே அட்டவணையில் நிறக்குருடு, ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை, டவுன் நோய்க்குறி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. காப்பிப்பொடிக்கும் பாசிக்கும் வித்தியாசம் தெரியாமல் அறுபது வயதை நெருங்கிவிட்டவனும், மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் உயிர் தங்குகிற குழந்தையும் பக்கத்துப் பக்கத்து வரிகள். அரிவாள் செல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது முதலில் அறியப்பட்டது இங்கே, நீலகிரி மலைமக்களிடம், 1952இல். ஒரு பிரதி இருந்தால் மலேரியாவிலிருந்து காப்பு. இரண்டு பிரதியும் வந்துவிட்டால் வாழ்நாள் வலி. குறை என்கிற சொல் இதில் எந்த இடத்தில் தொடங்குகிறது?

சாயப்பட்டறையில் ஆகாதவனை மாஸ்டர் துரத்திவிடவில்லை. மீதிக் கோடைக்குத் துணி செக்கிங்கில் போட்டார். ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை பார்க்கிற வேலை. பல வண்ணப் பிரிண்ட் துணியில் மற்றவர்கள் விட்ட ஓட்டையை நான் பிடித்தேன். அவர்கள் கண் வண்ணத்தில் அலைந்தது, எனக்கு அலைய இடமில்லை. 1992இல் கேம்பிரிட்ஜில் சோதனை செய்து இதையேதான் சொன்னார்கள்: வண்ணத்தால் மறைத்த உருவத்தை எங்களைப் போன்றவர்கள் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். மாஸ்டருக்குச் சோதனை தேவைப்படவில்லை.

உலகம் எங்களைச் சந்தேகப்படத் தொடங்கியது ரயிலால். 1875இல் ஸ்வீடனில், லாகெர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. விளக்கின் நிறம் தெரியாத ஊழியர்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று உடலியல் பேராசிரியர் ஹோல்ம்கிரென் முடிவுகட்டினார். அது சரியா என்று இன்றுவரை கேட்கிறார்கள். அவர் கண்டுபிடித்த சோதனைக்குக் கருவி கம்பளி நூல். பல நிற நூற்கண்டுகளை மேசையில் குவித்துவைத்து, ஒரு பச்சைக் கண்டைக் கையில் கொடுத்து, இதற்குச் சேர்வதையெல்லாம் எடு என்பார். பெயர் சொல்ல வேண்டியதில்லை, எடுத்தால் போதும். பல நாட்டு ரயில்வேயில் அந்த நூற்கண்டுகள் பல பேருடைய வேலையைத் தீர்மானித்தன. நம் ஊரில் கொஞ்சம் இளகியிருக்கிறது. 2020இல் மிதமான நிறக்குறை உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் பெற விதி மாறியது. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வானவருக்கு நிறக்குறையைக் காட்டி வேலை மறுத்தபோது, 2023இல் உச்ச நீதிமன்றம் வேலை கொடுக்கச் சொன்னது. நொய்யல் மட்டும் எங்களுக்கு எப்போதும் சலுகை காட்டியது. இன்றைக்கு ஆறு சிவப்பாகப் போகிறது, நேற்றுப் பச்சை என்று பாலத்தில் நின்று ஊரே பேசும். எனக்கு அது எல்லா நாளும் புதுவெள்ளம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஆறு தெளிந்ததாகச் சொன்னார்கள். அதையும் நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது மாமன் மகள் பேச்சு வந்தது. முறைப்பெண், கூட்டமும் வேறு. அம்மாவுக்கு ஆசை. நான் டியூஷன் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன். மாமன் நிறக்குருடு, அவனிடம் இருக்கிற ஒரே எக்ஸ் மகளுக்குப் போயே ஆக வேண்டும். எனவே அவளிடம் ஒன்று நிச்சயம். என்னிடம் இருப்பதும் ஒன்றுதான், அதுவும் அதேதான். பிறக்கிற பிள்ளைகளில் ஆணாகட்டும் பெண்ணாகட்டும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. அசலில் எடுத்தால், ஊரில் நூறு ஆண்களுக்கு நான்கு பேர் நிறக்குருடு என்று வைத்துக்கொண்டாலும், பிள்ளைக்கு நூற்றுக்கு நான்குதான். கணக்கு பயமுறுத்தியது என்று சொன்னால் பொய். ரிப் மாற்றிக் கட்டுகிற பிள்ளைகள் இன்னும் இரண்டு பிறந்தால் என்ன குடி முழுகிவிடும்? கல்யாணம் நடக்கவில்லை. காரணம் நிலத்தகராறு.

ஆனால் அதே கட்டம், அதே பாதிக்குப் பாதி, வேறு ஜீனுக்கு விழுந்தால் சிரிக்க முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடந்த கல்யாணங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் ஆவதில்லை. ஆகிற வீட்டில் மருத்துவரின் முதல் கேள்வி “சொந்தத்துல கட்டுனீங்களா?” என்பதாக இருக்கிறது. என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் தம்பிக்கு டூஷேன் தசைச்சிதைவு. கெண்டைக்கால் பருத்து, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுகிற பையன். அதற்கும் ஜீன் எக்ஸில்தான் இருக்கிறது, சொந்தத்தில் கட்டாத வீட்டிலும் இறங்கும். மனித ஜீன்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று, இருபது லட்சம் எழுத்துக்கு மேல். இந்த நோய்க்காகவே கோயமுத்தூரில் ஒரு பரிசோதனை, ஆலோசனை மையம் இருக்கிறது. அக்காள்களுக்கும் சித்திகளுக்கும் பார்த்துச் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான். “சார், எங்கம்மா கடத்தியாங்க?”

புத்தகச் சொல்லைத்தான் கேட்டாள். தாயிடம் ஒரு பிரதி மறைந்திருந்தால் அவள் கடத்தி. தமிழில் தங்கம் கடத்துகிறவனுக்கும் பிள்ளை கடத்துகிறவனுக்கும் இருக்கிற வினைச்சொல்லையே, தெரியாமல் பெற்றுத் தெரியாமல் கொடுத்தவளுக்கும் வைத்திருக்கிறோம். அந்த வீட்டில் மாமியார் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததைப் புத்தகமும் சொல்கிறது. நான் அவளிடம், டூஷேன் வந்த பையன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவனுக்கு அம்மாவின் ரத்தத்தில் பார்த்தால் அந்தக் குறை இருக்காது, புதிதாக நேர்ந்த நழுவல் என்றேன். மற்றபடி கடத்தி என்பதை அடித்துவிட்டு மெலாஞ்சு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1961இல் மேரி லயன் எலிகளின் ரோமத்தைப் பார்த்துச் சொன்னார்: பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று மட்டும் வேலை செய்யும், மற்றது சுருண்டுவிடும், எது என்பது செல்லுக்குச் செல் வேறு. மெலாஞ்சு நூலில் சாயம் ஏறிய பஞ்சையும் ஏறாத வெள்ளைப் பஞ்சையும் நூற்பதற்கு முன்பே கலந்துவிடுகிறார்கள். கிட்டத்தில் பார்த்தால் இரண்டு இழை, தள்ளி நின்றால் ஒரே சாம்பல். என் அம்மாவின் விழித்திரை அப்படிப்பட்ட துணி. அவள் பார்வையில் ஒரு இழை என்னுடையது, ஒரு இழை வேறு. இரண்டையும் கலந்துதான் அவள் மிளகாய்ப் பழத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

என் மகளும் மெலாஞ்சுதான், கணக்குப்படி அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வேலைக்குச் சேர்ந்தபோது 85 வண்ண வில்லைகளை வரிசைப்படுத்தச் சொல்லிச் சோதித்தார்கள், ஒன்றுகூட மாறவில்லை. லைட் பாக்ஸில் டி65 விளக்கு போட்டு, டிஎல்84 விளக்கு போட்டு, மாஸ்டர்கள் கொண்டுவருகிற லேப் டிப் என்கிற சாய மாதிரித் துண்டைத் தள்ளுவதும் ஏற்பதும் அவள். என் மாஸ்டர் வெயிலில் கேட்ட கேள்வியை இப்போது அவள் மாஸ்டர்களிடம் கேட்கிறாள்.

அவளுக்கு நான்கு வயதில் பையன். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, பையிலிருந்து கழித்த துணித் துண்டுகளைத் தரையில் கொட்டினாள். உள்ளங்கை அளவுத் துண்டுகள், ஐம்பது அறுபது இருக்கும். ஹோல்ம்கிரெனை அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். ஒரு துண்டை எடுத்து அவன் கையில் கொடுத்து, “கண்ணு, இது மாதிரி இருக்கறதெல்லாம் எடுத்துத் தாத்தாகிட்டக் குடு பாக்கலாம்” என்றாள்.

அவன் குனிந்து குவியலைக் கிளறினான். யோசித்து, ஒன்றை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டான். நான்கைந்து சேர்ந்ததும் ஓடிவந்து என் மடியில் வைத்தான். அம்மா கொடுத்த துண்டையும் பக்கத்தில் வைத்தான். சரியா தாத்தா என்று என் முகத்தைப் பார்த்தான்.

எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தன. நான் மகளின் முகத்தைப் பார்த்தேன்.